கபருக்குச் சொன்ன பேரு

ஒக்காருங்க தங்கச்சி, யாருமில்ல. பைய மடியில வச்சுக்கங்க, மேல போட்டா இவன் ஓட்டுற ஓட்டுக்கு யாரு தலையிலயாவது விழும். எங்க, ராமேஸ்வரமா? நல்லதாப் போச்சு. எனக்கும் கொஞ்சம் பேச்சுத் தொண வேணும். இந்த டிக்கெட்டப் பாருங்க, மானாமதுரை பஸ் ஸ்டாண்டுல இருந்து சுருட்டிச் சுருட்டி நூலாப் போச்சு. பயம். வேற ஒரு வியாதியும் இல்ல, பயம்தான்.

ஒங்க நெத்தியில பொட்டப் பாத்ததும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. தப்பா எடுத்துக்கிறாதீக. எங்க ஆளுகளா இருந்தா எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு மகன்னு நாலே கேள்வியில எங்க வூட்டு அடுப்படிக்கு வந்துருவாக. ஒங்களுக்கு என்னையத் தெரியாது, எனக்கு ஒங்களத் தெரியாது. இருபத்தாறு வருசமா ஒரு விசயத்த நாக்குக்கு அடியிலயே வச்சிருக்கேன். இன்னிக்கு அது நிக்காது போலருக்கு. நீங்க காது குடுத்தாப் போதும், பதிலு சொல்ல வேணாம்.

மொதல்ல எங்க பழக்கம் ஒண்ணச் சொல்லணும், இல்லாட்டி ஒங்களுக்கு வெளங்காது. எங்கள்ல மையித்த, அதான் எறந்தவுக ஒடம்ப, கபருல வச்சு மண்ணத் தள்ளி மூடுன பெறகு ஒடனே எல்லாரும் திரும்பிற மாட்டாக. லெப்பை, அதான் எங்க பள்ளிவாசல்ல ஓதுறவரு, தலமாட்டுல ஒக்காந்து, உள்ள இருக்கவுகளப் பேரு சொல்லிக் கூப்புடுவாரு. தல்கீன்னு சொல்லுவோம். இன்னாருடைய மகனே, இப்ப ரெண்டு மலக்கு, அதான் வானத்துத் தூதருக, ஒன்ட்ட வருவாக, ஒன்னையப் படைச்சவன் யாருன்னு கேப்பாக, ஒன் நபி யாருன்னு கேப்பாக, நீ பயப்படாத, இப்படிப் பதிலு சொல்லுன்னு சொல்லிக் குடுப்பாரு. பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு வாசல்ல நின்னு சொல்லிக் குடுப்போமே, அது மாதிரி. இப்பத்த பயலுக இதெல்லாம் மார்க்கத்துல இல்லைன்னு சண்டைக்கு வாறாங்க. எங்க ஊருல இன்னும் விடல.

அதுல என்னன்னா, கூப்புடும்போது வாப்பா பேரச் சொல்ல மாட்டாக. உம்மா பேரத்தான் சொல்லணும். உசுரோட இருக்க வரைக்கும் பள்ளிக்கூடத்துல, ரேசன் கார்டுல, கல்யாணப் பத்திரிகையில எல்லாம் வாப்பா பேரு. மண்ணுக்குள்ள போயிட்டா உம்மா பேரு. அந்தப் பேரத் தப்பாச் சொல்லிட்டா? உள்ள படுத்திருக்க பிள்ளைக்கு நம்மளத்தான் கூப்புடுறாகன்னு எப்படித் தெரியும்? வேற யாரையோன்னு சும்மாப் படுத்துருக்கும். மலக்கு வந்து கேட்டா முழிக்கும். இதத்தான் தங்கச்சி நாப்பது நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். சோறு எறங்கல.

எறந்தது எங்க ராத்தா மகன் முனவ்வர். ராத்தான்னா அக்கா. காலையில எட்டு மணிக்கு நெஞ்ச அடைக்குதுன்னான். ஒம்பதுக்கு இல்ல. இருபத்தாறு வயசு, ஒரு காய்ச்சல் தலவலின்னு படுத்ததில்ல. ராத்தா மகன்னா சொன்னேன்? பாத்தீகளா, வாயி பழகிப் போச்சு. ராத்தா மகன் இல்ல. எம் மகன். நா பெத்தவன்.

மெதுவாத்தான பேசுறேன்? அந்த முன் சீட்டு ஆளு திரும்பிப் பாத்தாரோன்னு ஒரு இது. பார்த்திபனூர்ல எறங்கிருவாரு போல, சரி.

எங்க ராத்தா ஹமீதாவுக்கு ஒம்பது வருசம் பிள்ளை இல்ல. அவ மாமியா ஒரு நாளு எங்க வூட்டுக்கே வந்து, இன்னும் ஆறு மாசம் பாப்பேன், பெறகு எம் மகனுக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்னு டீயக் குடிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனா. மார்க்கத்துல எடமிருக்கு, யாரு என்ன சொல்ல முடியும்? மச்சான், அதான் ராத்தா புருசன், லீவுல வந்துட்டு அப்பத்தான் சிங்கப்பூருக்குத் திரும்பியிருந்தாக. உம்மா சொல்லைத் தட்டாத மனுசன். நா அப்ப மூணு மாசம் முழுகாம இருந்தேன். எனக்கு ஏற்கனவே ரெண்டு பய. எங்க வூட்டுக்காரவுக சவூதியில. எங்க உம்மா ரெண்டு நாளு யோசிச்சுச்சு. மூணாவது நாளு எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு, இந்தப் பிள்ளை அவளுக்குன்னு சொல்லிருச்சு. ராத்தா எங் காலப் பிடிச்சுக்கிட்டா. மூத்தவ எங் காலப் பிடிக்கிறா தங்கச்சி. நா என்ன செய்வேன்?

ராத்தாவுக்கு வைத்தியம்னு சொல்லி மூணு பேரும் மெட்ராஸ் போயிட்டோம். அங்க இருந்து ஊருக்குக் கடுதாசி போச்சு, ஹமீதாவுக்கும் தங்கிருச்சுன்னு. எனக்குப் பொறந்தான். எங்க உம்மா அவன வாங்கி ராத்தா மடியில வச்சுச்சு. ஊருக்கு என்ன சொன்னோம்னா, பெரியவளுக்குப் பொழச்சுக்கிச்சு, சின்னவளுக்குப் போயிருச்சு. அழுது பேரு வச்ச பிள்ளைன்னா குளிப்பாட்டித் தொழுது அடக்கணும், யாரு தொழுதான்னு நாளைக்குக் கேள்வி வரும். அதுனால அழாமலே பொறந்துச்சுன்னு சொல்லிட்டோம். எங்க உம்மாவுக்குச் சட்டமெல்லாம் தெரியும்.

சவூதிக்கும் அதே சேதிதான் போச்சு. எங்க வூட்டுக்காரவுகளுக்கு நாந்தான் எழுதுனேன். ஒரு பக்கம் எழுதி, கை வராம மீதிய உம்மா சொல்லச் சொல்ல எழுதுனேன். பதிலு வந்துச்சு பாருங்க, அத நீங்க கேக்கணும். அல்லா குடுத்தான், அல்லா எடுத்துக்கிட்டான், ஒடம்பப் பாத்துக்க. அம்புட்டுத்தான். போஸ்ட் கார்டு விக்கிற மனுசன்கூட ரெண்டு வரி கூட எழுதுவான். பத்து மாசம் கழிச்சு லீவுல வந்தாக. எம் பிள்ளைய எங்க அடக்குனீக, எந்த மையவாடி, யாரு குழி வெட்டுனான்னு ஒரு வார்த்த கேக்கணுமா இல்லியா? கேக்கல. அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கு வரைக்கும் கேக்கல. நா என்னென்னமோ பொய்யத் தயார் பண்ணி வச்சிருந்தேன், வண்ணாரப்பேட்டைப் பக்கம்னு சொல்லணும்னு. ஒண்ணுக்கும் வேல வைக்கல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இது கல்லு, மனுசன் இல்லைன்னு.

பால் கட்டிக்கிச்சு எனக்கு. ராத்தாவுக்குப் பாலில்லைன்னு ஊருக்குச் சொல்லி, நாந்தான் குடுத்தேன். ஊரே என்னையப் புகழுது, தம் பிள்ளை போன துக்கத்துலயும் ராத்தா பிள்ளைக்குப் பால் குடுக்குறா பாருன்னு. எங்க வூட்டுக்காரவுக லீவுல வந்தா, நா அவனத் தூக்கிக்கிட்டு இருக்கும்போதெல்லாம் வாசல்ல ஒக்காந்து பேப்பரு படிப்பாக. ஒரு நாளும் நிமிந்து பாக்கல.

ஆனா பொட்டி வரும்போது மட்டும் வேற மாதிரி. சவூதியில இருந்து பொட்டி வந்தா எங்க மூத்தவனுக்கு ஒரு சட்ட, சின்னவனுக்கு ஒரு சட்ட. ராத்தா மகனுக்கு ரிமோட்டு காரு. ஒரு தடவ சைக்கிள் வாங்கக் காசு அனுப்புனாக, முனவ்வருக்குன்னு பேரு போட்டு. நா சண்டை போட்டேன் தங்கச்சி. மச்சான்ட்ட மதிப்பக் காட்டிக்கிறதுக்காக வூட்டுப் பிள்ளைகள ஏங்க விடுறீகன்னு கேட்டேன். அவுக எந்திரிச்சுப் போயிட்டாக. பெருமைக்கு மாவிடிக்கிற ஆளு அவுக. எதுலயும் முன்னால நிக்கணும்.

இன்னொண்ணு சொல்றேன், அப்பத்தான் அவுக கொணம் ஒங்களுக்குத் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முன்னால மச்சான் ஒரு நாளு எங்க வூட்டுக்கு அல்வா வாங்கிக்கிட்டு வந்தாக. எங்க கடைசி மக பர்வீன முனவ்வருக்குக் கேட்டாக. எங்க ஊருல ராத்தா தங்கச்சி பிள்ளைகளுக்கு முடிக்க மாட்டாக. சட்டத்துல தடை இல்ல, வழக்கத்துல இல்ல. மச்சான் வெளிநாட்டுல எல்லாத்தையும் பாத்தவுக, சட்டத்துல இருந்தாப் போதும்னுட்டாக. ராத்தாட்டக்கூடச் சொல்லாம வந்துருக்காக; நா பால் குடுத்தப்ப அவுக சிங்கப்பூருல, அது தெரியாது. நா அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நிக்காஹ்வா? நா அவனுக்குப் பால் குடுத்தவ, பால் குடிச்சா ஒடம்பொறப்பு மாதிரி, செல்லாதுன்னு சொல்லணும்னு ஓடி வாறேன். அதுக்குள்ள எங்க வூட்டுக்காரவுக சொல்லிட்டாக, பய நெறம் கம்மி, வேணாம்னு. மொகத்துக்கு நேரா. மச்சான் அல்வாவ அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போனாக. ஒரு வருசம் பேச்சு வார்த்த இல்ல. நா அன்னிக்கு அவுக திமிருக்கு அல்லாட்ட ஷுக்ரு செஞ்சேன், நன்றி சொன்னேன். என்ன பொம்பளை பாருங்க நானு.

பரமக்குடி வந்துருச்சா? தண்ணி வேணுமா ஒங்களுக்கு? எனக்கு வேணாம், நீங்க குடிங்க.

சரி, முனவ்வர் மவுத்தான, அதான் எறந்த, அன்னிக்கு வாறேன். எலந்த எல போட்ட தண்ணியில குளிப்பாட்டி, கஃபன் துணி சுத்தி, கற்பூரம் வச்சு, மொகத்த மட்டும் தொறந்து வச்சிருந்தாக. ராத்தா அவன் தலமாட்டுல. நா ரெண்டாவது வரிசையில. சாச்சிக்கு, அதான் சித்திக்கு, அந்த எடம்தான். எல்லாரும் ராத்தாவக் கட்டிப் பிடிச்சு அழுறாக. எனக்கு எம்புட்டு அழணுமோ அம்புட்டும் அழக்கூடாது, பாக்கறவுக என்ன இவ இப்படிங்கற அளவுக்குப் போயிறக் கூடாது. அளந்து அழுதேன் தங்கச்சி. பெத்த பிள்ளைக்கு அளந்து அழுதேன்.

அப்ப லெப்பை பொம்பளைக பக்கத்துப் படுதாவுக்கு வெளியில வந்து நின்னாரு. ஊருக்குப் புதுசு, வந்து நாலு மாசம்தான். பழைய லெப்பைன்னா எல்லாரு பேரும் தெரியும். இவரு தாளும் பேனாவுமா நின்னு, மையித்துடைய உம்மா பேரு என்னன்னு கேட்டாரு.

ராத்தா என்னையப் பாத்தா. நா அவளப் பாத்தேன். மச்சான் தங்கச்சிகாரி, ராத்தா மாமியா, ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் இருக்காக. ராத்தா வாயத் தொறந்து தொறந்து மூடுறா. அவளுக்கும் அதே பயம். பொய்ப் பேரச் சொல்லி எம் பிள்ளைய அங்க அனுப்பவான்னு. உண்மையச் சொன்னா அவ மச்சான் மொகத்துல எப்படி முழிப்பா? நா எப்படி முழிப்பேன்? லெப்பை ரெண்டாவது தடவ கேட்டாரு. பொம்பளைக எல்லாம் ராத்தாவப் பாக்குறாக, என்ன இவ பேரு சொல்ல இம்புட்டு நேரமான்னு.

நாந்தான் சொன்னேன். ஹமீதா பானுன்னு நாந்தான் சொன்னேன். பயத்துல. பெத்தவ நானே எம் பேர அழிச்சுட்டு அவ பேரச் சொன்னேன்.

சந்தூக்குல வச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாக. பள்ளிவாசல்ல ஜனாஸா தொழுக. அங்கயும் ஒரு கூத்து, பெறகு தெரிஞ்சுச்சு. எறந்தவனுக்குத் தொழ வைக்க மொத உரிமை பெத்த வாப்பாவுக்குத்தான். மச்சான் முன்னால போகப் போறாக, எங்க வூட்டுக்காரவுக தோளப் பிடிச்சு நிறுத்தி, நீங்க தளந்துருக்கீக, நா வைக்கிறேன்னு போயி நின்னுட்டாகளாம். கபருக்குள்ள எறங்கி வாங்கி வச்சதும் அவுகதான். எம் மூத்த மகன் வந்து சொன்னான். எனக்கு வந்துச்சே கோவம். ஒரு மையித்துலகூடவா முந்திக்கிட்டு நிக்கணும்? அன்னிக்கு வூட்டுக்கு வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல. தோட்டத்துக் கெணத்தடியில போயி ஒரு மணி நேரம் பல்லு வெளக்குனாக. மஃரிப் தொழுகுற அந்தி நேரத்துல யாரு தங்கச்சி பல்லு வெளக்குவா? கொழாயத் தொறந்து விட்டது தொறந்தபடி, தொட்டி நெறஞ்சு வழியுது. நா போயி அடைச்சுட்டு வந்தேன், தண்ணி என்ன வெலைக்கு விக்குதுன்னு ரெண்டு பேச்சும் பேசிட்டு வந்தேன்.

நா விட்ட எடத்துக்கு வாறேன். பொம்பளைக மையவாடிக்குப் போகக் கூடாது. ஆனா மையவாடி மதில ஒட்டித்தான் எங்க மாமி வீடு. தல சுத்துது, கொஞ்ச நேரம் படுத்துட்டு வாறேன்னு பின் வாசல் வழியா ஓடிட்டேன். அவுக மாடிச் சன்னல்ல நின்னேன். ஆம்பளைக தல மட்டும் தெரியுது. லெப்பைக்குக் கையில மைக்கு. தொண்டையக் கனைச்சுக்கிட்டுக் கூப்புடுறாரு, யா முனவ்வர் இப்ன. ராத்தா பேரு வரப்போகுதுன்னு காதப் பொத்தப் போறேன். வந்த பேரு ஹவ்வா.

ஹவ்வாவோட மகனேன்னு கூப்புட்டாரு தங்கச்சி. மூணு தடவ.

ஹவ்வான்னா ஆதத்தோட மனைவி, ஒலகத்துக்கே மொத உம்மா. உம்மா யாருன்னு தெரியாத மையித்துக்குத்தான் அந்தப் பேரு. கடல்ல ஒதுங்குற பொணம் இருக்கும் பாருங்க, ரோட்டுல கெடக்குறது, அதுக்குச் சொல்லுவாக. ரெண்டு உம்மா உசுரோட இருக்கையில எம் பிள்ளைக்கு அந்தப் பேரு. மாமி வீட்டுச் சன்னல் கம்பியப் பிடிச்சவ, எம்புட்டு நேரம் நின்னேன்னு தெரியாது.

அதுல இருந்துதான் இந்தப் பயம். பெத்தவ யாருன்னு தெரியாதுன்னு லெப்பைக்கு யாரு சொன்னா? நா எழுதிக் குடுத்தாப்புல ஹமீதா பானுன்னு சொன்னேன். அத அடிச்சுட்டு ஹவ்வான்னு சொல்லணும்னா யாரோ உள்ளதச் சொல்லியிருக்கணும். யாருக்கோ தெரியும். எங்க உம்மா மவுத்தாகிப் பதினோரு வருசம் ஆச்சு. மெட்ராசு ஆஸ்பத்திரி ஆயாவா? அந்த அம்மாவுக்கு இப்ப எம்பது வயசு இருக்கும். ராத்தா மாமியாளா? தெரிஞ்சிருந்தா இம்புட்டு நாளு விட்டு வைப்பாளா? எவ என்னையப் பாத்துச் சிரிச்சாலும் இவளான்னு இருக்கு. எவ சிரிக்காமப் போனாலும் இவதான்னு இருக்கு. கதவு தட்டுனா நெஞ்சு தட்டுது. எங்க வூட்டுக்காரவுக செருமுனாக்கூட, கேக்கப் போறாகன்னு கையில இருக்கது கீழ விழுந்துரும். ரெண்டு சில்வர் டம்ளரு நசுங்கிப் போச்சு.

ராத்தா எங்கிட்டக் கேட்டா, என்ன பேரு சொன்னாகடின்னு. ஒன் பேருதான்னு சொல்லிட்டேன். நிம்மதியாவான்னு நெனச்சேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா. எம் பிள்ளைக்குப் பதிலு சொல்லத் தெரியாதே, அவன் முழிச்சுக்கிட்டு நிப்பானேன்னு. அவளும் சோறு திங்கல.

லெப்பைட்டக் கேக்கலாம்னா, அவரு இருபதாம் நாளே வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. மானாமதுரைக்குப் பக்கத்துல ஒரு கிராமம். அதுவும் எனக்குப் பயம், யாராச்சும் வெரட்டி விட்டாகளோன்னு. கடைசியில பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினாரு வூட்டுல எடத்தக் கேட்டு வாங்கிக்கிட்டு, மதுரைக்குக் கண்ணு காட்டப் போறேன்னு பொய் சொல்லிட்டு இன்னிக்குக் கெளம்புனேன். எங்க வூட்டுக்காரவுகதான் பஸ் ஏத்தி விட்டாக. தொணைக்கு வரவான்னு கேட்டாக, வேணாம்னுட்டேன். ரெண்டு மணி வண்டிக்கு வந்துருவ, ராமநாதபுரத்துல வந்து நிக்கிறேன்னாக.

லெப்பை நல்ல மனுசன். படுதாவுக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து, வாங்கம்மான்னாரு. அவரு பொண்டாட்டி டீ குடுத்தா. நா பேரு சொல்லல. மையித்தோட சாச்சின்னு மட்டும் சொன்னேன். எதுக்கு அன்னிக்கு ஹவ்வா மகன்னு கூப்புட்டீகன்னு கேட்டேன். கேக்கும்போதே டீ சிந்திருச்சு.

நா எழுதி வச்சிருந்தது ஹமீதா பானுங்கிற பேருதாம்மா, தாளு சட்டப் பையிலயே இருந்துச்சு, ஒக்காரப் போற நேரத்துல வாப்பா வந்து காதுல சொல்லிட்டாகன்னாரு.

மச்சானான்னு கேட்டேன். மச்சானுக்குத் தெரிஞ்சுருச்சோன்னு எந்திரிச்சே நின்னுட்டேன். இல்லம்மா, அவுக பாவம் கெறங்கிப் போயி மரத்தடியில ஒக்காந்துருந்தாக, இது தொழ வச்சவுக, ஒசரமா, தாடிக்கு மருதாணி போட்டவுகன்னாரு.

அந்த மருதாணிய வெசாழக் கெழம வெசாழக் கெழம பெசைஞ்சு குடுக்குறது நாந்தான் தங்கச்சி.

லெப்பை சொன்னத அப்படியே சொல்றேன். "கபருல இருந்து ஏறி வந்தாக, கையெல்லாம் மண்ணு. லெப்பை, யாரு எந்தப் பேரு குடுத்துருந்தாலும் அதச் சொல்லாதீக, ஹவ்வா மகன்னு கூப்புடுங்கன்னாக. ஏன், உம்மா இருக்காகள்லன்னு கேட்டேன். அதுக்கு அவுக, பெத்தவ உசுரோட இருக்கா. ஆனா அவ ரொம்பப் பயந்தவ. அவளா எங்கிட்டச் சொல்ற வரைக்கும் அவ பேர நா எடுக்கக் கூடாது. பொய்ப் பேரும் எம் பிள்ளைக்கு வேணாம்னாக."

எம் பிள்ளைன்னா சொன்னாகன்னு கேட்டேன். ஆமாம்மா, அப்படித்தான் சொன்னாகன்னாரு. பெறகு அவரா சொன்னாரு, அந்தச் சட்டம் யாருன்னே தெரியாதவுகளுக்குன்னு வச்சது, உம்மா தெரிஞ்ச பிள்ளைக்கு நா சொன்னது சரியான்னு இன்னிக்கு வரைக்கும் கிதாபப் பொரட்டிக்கிட்டு இருக்கேன், தப்பா இருந்தா அல்லா என்னையக் கேக்கட்டும், அன்னிக்கு அந்த மனுசன் மொகத்தப் பாத்துட்டு என்னால மறுக்க முடியலன்னாரு.

அவுகளுக்கு எப்பத்துல இருந்து தெரியும், யாரு சொன்னா, நா எழுதுன கடுதாசியிலயே தெரிஞ்சுக்கிட்டாகளா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. யாருக்குத் தெரிஞ்சுருமோன்னு இருபத்தாறு வருசம் பயந்தேனோ அந்த ஆளுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு, கல்லு கல்லுன்னு திட்டிக்கிட்டு இருந்துருக்கேன். தெரிஞ்சுருமேங்கற பயம் போச்சு. இப்ப தெரிஞ்ச ஆளு மொகத்தப் பாக்கணுமேன்னு பயம். இது அதவிடப் பெருசா இருக்கு தங்கச்சி. கண்டக்டரு எங்கன்னு கேட்டப்ப ராமநாதபுரம்னு சொல்ல நாக்கு வரல. ராமேஸ்வரம்னு சொல்லி டிக்கெட்ட வாங்கிட்டேன். அங்க எனக்கு யாரு இருக்கா? யாருமில்ல. எறங்காமப் போயிறலாம்னு தோணுச்சு, அம்புட்டுத்தான்.

சத்திரக்குடி தாண்டி எம்புட்டு நேரமாச்சு? அந்தா பஸ் ஸ்டாண்டு வளைவு தெரியுது. பத்து நிமிசம் நிப்பாட்டுவான். கொஞ்சம் முன்னால சாஞ்சு ஒக்காருங்க, என்னைய மறைச்சாப்புல. அந்தா நிக்கிறாக. வெள்ளச் சட்ட. ஒவ்வொரு சன்னலா அண்ணாந்து பாத்துக்கிட்டு வாறாக. நா முக்காட்ட இழுத்துக்கிறேன். தாண்டிட்டாகளா? பின் சீட்டு வரைக்கும் போயிட்டாகளா? பாருங்க, நா பாக்க மாட்டேன்.

திரும்பி வாறாகளா? சன்னல்ட்டயா நிக்கிறாக? என்னையப் பாத்துட்டாக.

எறங்கச் சொல்லி ஒரு சத்தம் போட்டா என்ன, போட மாட்டேங்குறாகளே. சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறாக. மானாமதுரையில நா ஏறுனது அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும் தங்கச்சி. காலையில பஸ் ஏத்தி விடும்போதே தெரிஞ்சிருக்கும். படியில காலு வைக்கிறாக. ஏறிட்டாக. கண்டக்டர்ட்ட என்னமோ கேக்குறாக. டிக்கெட்டு எடுக்குறாக. ராமேஸ்வரத்துக்கா?

கோவிச்சுக்கிறாதீக தங்கச்சி, அந்தா எதுத்தாப்புல ஒரு சீட்டு காலியா இருக்கு. எந்திரிச்சு இந்த எடத்த அவுகளுக்கு விடுங்க. சீக்கிரம் எந்திரிங்க. எனக்கு இந்தத் தைரியம் பாம்பன் வரைக்கும்கூட நிக்காது.